பெல்மதுளை லயங்களில் நாங்கள் கட்டிய அடுப்புகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றி நீங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். ஆகவே எங்கள் வகுப்புத் தோழிகள் சிலர் மூன்று முறை பெல்மதுளைக்குப் போய்வந்த கதையைச் சொல்லலாம் என்று தீர்மானித்தோம். மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் போனது ஒன்பது பேர்: வைத்தியர்கள் மூவர், ஆசிரியைகள் நால்வர், வங்கி உத்தியோகத்தர் ஒருவர், பொறியியலாளர் ஒருவர். அதனால் இந்த உரை முழுவதும் "நாங்கள்" என்றே வரும்.

விடுதியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சாப்பாட்டு மண்டபத்துக்குப் பின்னால் பெரிய குசினி. அதன் கூரைக்கு மேலே செங்கல் புகைபோக்கி. காலையில் மணி அடிக்கும்போது அதிலிருந்து புகை மேலே போய்க்கொண்டிருக்கும். அதை ஒரு வசதி என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. எங்கள் வகுப்பில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இருவர். வந்த முதல் நாளே அவர்களில் ஒருத்தி குசினிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இங்க பொகையே இல்லடி" என்றாள். நாங்கள் சிரித்தோம். அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்கு விளங்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

அது 2022 ஆம் ஆண்டு. ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாவாக உயர்ந்தது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. கொழும்பில் இருந்த நாங்கள் வெற்றுச் சிலிண்டரை வரிசையில் வைத்துச் சங்கிலி போட்டுவிட்டு வேலைக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்து, பலகைத் துண்டுகளைப் பொறுக்கி எரித்துச் சோறு வடித்தோம். கண் சிவந்தது, தொண்டை கரகரத்தது. வார்ட்டுக்குப் போனால் எங்கள் தலைமுடியில் புகை மணந்தது. மூன்றாம் நாள் இரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மாறி ஒருவர் புலம்பிக்கொண்டிருந்தபோது, பெல்மதுளைத் தோழி ஒரே வரி எழுதினாள்: "எங்க அம்மா நாப்பது வருசம் இப்பிடித்தான் சமைச்சாங்க."

அதன் பிறகு நெடுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. அந்த அம்மாவை எங்களுக்குத் தெரியும். சாதாரண தரப் பரீட்சை நாட்களில் மகளுக்கு மட்டும் அல்ல, எங்கள் எல்லோருக்கும் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டி அனுப்பியவர். வாழ்நாளில் ஒரு சுருட்டைக்கூடத் தொட்டுப் பார்க்காதவர். கடைசி ஆறு ஏழு வருடங்கள் படி ஏற முடியாமல் மூச்சு வாங்கி, அந்த நோயிலேயே காலமானார். அவருடைய நோயாளிக் கொப்பியில் "ஆஸ்துமா" என்று எழுதியிருந்தது. எங்களில் மூவர் வைத்தியர்கள். அவரை ஒரு முறையாவது பார்த்திருக்கிறோம். எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள் அம்மா என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

அந்தக் குற்ற உணர்வுதான் எங்களைப் புறப்பட வைத்தது. பெல்மதுளைக்குப் பக்கத்திலுள்ள சிறிய தேவாலயம் ஒன்றின் போதகர் தங்க மண்டபம் தந்தார். தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியார் மண்ணும் மணலும் ஏற்றித் தந்தார்கள். ஓகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு போய் இறங்கினோம்.

தோட்டங்களைப் பார்த்திராத தங்கைமாருக்காக ஒரு வார்த்தை. சப்ரகமுவவில் தேயிலையும் இறப்பரும் கலந்தே இருக்கும். காலையில் பெண்கள் நாலரை மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுவார்கள். தேத்தண்ணி, ரொட்டி, பிள்ளைகளுக்குப் பகல் சோறு. பிறகு கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் அடுப்பு. லயத்துக் காம்பரா பல இடங்களில் இன்னமும் பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். இஸ்தோப்பின் ஒரு மூலையை மறைத்து அடுப்பங்கரை ஆக்கியிருப்பார்கள். லயங்கள் முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டப்பட்ட இடத்தில் பின்சுவரில் ஜன்னல் வைக்கவும் வழியில்லை. இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். கவ்வாத்து மிலாறும் பிடுங்கிய இறப்பர் மரமும்தான் விறகு. அது காயவே காயாது. ஈர விறகு எரிவதை விடப் புகைவதே அதிகம். நாட்சம்பளம் 1,000 ரூபா வாங்குகிறவருக்கு அந்த ஆண்டு ஒரு சிலிண்டர் என்றால் ஐந்து நாள் கொழுந்து. எங்களுக்கு எரிவாயு மூன்று மாதம் இல்லாமல் போனது. அவர்களில் பலருக்கு அது வந்ததே இல்லை.

புகை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறோம். விறகுப் புகையில் இருப்பது கரி மட்டும் அல்ல. 2.5 மைக்ரோமீற்றரை விடச் சிறிய துகள்கள் அதில் உண்டு. அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரைக்கும் போகும். காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2021 இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. திறந்த அடுப்பு எரியும் மூடிய அறையில் அது நூற்றுக்கணக்கில் போகும். நாம் பத்தாம் வகுப்பில் படித்த காபனோரொட்சைட்டும் கூடவே வரும். அது இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கர்ப்பிணித் தாய் சுவாசித்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் ஒட்சிசன் குறையும். தோட்டத்துறையில் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளை விட அதிகம் என்று தேசிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதற்கு முதற்காரணம் சத்துக்குறைவு. ஆனால் புகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் வீட்டுப் புகையால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 237,000 பேருக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

புகையில்லா அடுப்பு புதிய யோசனை அல்ல. 1950 களிலேயே ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியலாளர் புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்தார். அவருடைய நூலை வெளியிட்டது சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். 1976 பெப்ரவரியில் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. 23,000 பேர் வரை இறந்தார்கள். அதற்குப் பின் அங்குள்ள மாயா இனக் குடும்பங்களுக்காகச் சேற்றையும் மணலையும் குழைத்து ஓர் அடுப்பு செய்தார்கள். ஸ்பானிய மொழியில் சேற்றுக்கும் மணலுக்கும் உள்ள சொற்களைச் சேர்த்து அதற்கு "லோரெனா" என்று பெயர் வைத்தார்கள். அந்த லோரெனா கடல் தாண்டி நம் நாட்டுக்கும் வந்தது. 1970 களின் கடைசியில் சர்வோதய இயக்கத்தினர் அதை இங்கே கட்டிப் பார்த்தார்கள். கனமான மண் அடுப்பு எல்லோருக்கும் சரிவரவில்லை. அதிலிருந்து படிப்படியாக மாறி, குயவர்கள் சுட்டு விற்கும் இரட்டை வாய் அனகி அடுப்பு உருவானது. சிங்களத்தில் அனகி என்றால் விலைமதிப்பற்றது. இன்று கிராமத்துச் சந்தைகளில் நீங்கள் பார்ப்பது அதுதான். அனகி விறகை மிச்சப்படுத்தும், ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது.

நாங்கள் முதல் பயணத்தில் அனகியை எடுக்கவில்லை. எங்கள் பொறியியலாளர் தோழி இரட்டை வாய் மண் அடுப்பு ஒன்றை வரைந்திருந்தார். முன்வாயில் விறகு. அதன் மேல் முதல் பானை. நெருப்பின் சூடு ஒரு சுரங்கம் வழியாக இரண்டாவது பானைக்கு அடியில் போய், அங்கிருந்து தகரக் குழாயில் ஏறிக் கூரைக்கு மேல் வெளியேற வேண்டும். பானை வாயில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால்தான் குழாய் புகையை இழுக்கும். புற்றுமண்ணும் மணலும் உமியும் சேர்த்து மிதித்தோம். பதினைந்து வருடம் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்த கைகளில் கொப்புளம் வந்தது. மூன்று நாளில் இருபது அடுப்புகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று படம் எடுத்தோம். அந்தப் படங்கள் சங்கத்தின் செய்திமடலிலும் வந்தன. நீங்கள் பாராட்டினீர்கள். நாங்களும் மகிழ்ந்தோம்.

பத்து மாதம் கழித்து, 2023 ஜூனில் மறுபடியும் போனோம். அந்த ஆண்டு மலையகம் 200 என்று எங்கும் பேச்சாக இருந்தது. அடுப்புகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடும் மனநிலையில்தான் லயத்துக்குள் நுழைந்தோம்.

இருபதில் ஏழுதான் எரிந்தன. நான்கை உடைத்து அப்புறப்படுத்தியிருந்தார்கள். மற்றவற்றின் மேல் வாளியும் அரிசிப் பெட்டியும் இருந்தன. பக்கத்திலேயே பழைய மூன்று கல் அடுப்பு.

எங்களுக்கு முதலில் வந்தது கோபம். அதை மறைக்காமல் சொல்கிறோம். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிக் கொடுத்தோமே என்று மண்டபத்துக்குத் திரும்பிப் புலம்பினோம். அப்போது பெல்மதுளைத் தோழி, "யாராவது ஏன்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. மறுநாள் காலை நோட்டுப் புத்தகத்தையும் கமராவையும் மண்டபத்திலேயே வைத்துவிட்டு, லயம் லயமாகப் போய் இஸ்தோப்பில் உட்கார்ந்தோம்.

"கோவிச்சுக்காதீங்க டொக்டரம்மா. ரொட்டிக்கல்லு அதுல ஒக்கார மாட்டேங்குது," என்றார் ஓர் அக்கா. நாங்கள் சோற்றுப் பானையின் அளவுக்கு வாய் வைத்திருந்தோம். காலை உணவு ரொட்டி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ரொட்டியைச் சாப்பிட்டு வளர்ந்தவளே எங்களுடன் வந்தவள். ஆனாலும் வரைபடத்தில் அது விடுபட்டுப் போனது. கல்லைச் சரித்து வைத்தால் இடைவெளி வழியாகப் புகை முழுவதும் முகத்துக்கே வந்திருக்கிறது.

இன்னொருவர் சொன்னார்: "வெறக சின்னச் சின்னதா பொளக்கணும்ங்கிறீங்க. வேலைக்கிப் போயிட்டு வந்து யாரு பொளக்குறது?" மூன்று கல் அடுப்பில் நீளக் கட்டையைச் செருகி, எரிய எரியத் தள்ளிவிட்டால் போதும். எங்கள் அடுப்பின் வாய் சிறியது.

மூன்றாவது குறை கூரை. தகரத்தில் ஓட்டை போட்டுக் குழாய் விட்டோம். மழை எந்தப் பக்கம் சாய்ந்து அடிக்கும் என்று பார்க்கவில்லை. ஓட்டையைச் சுற்றி ஒழுகி, அரிசி நனைந்திருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை வேறு. கூரை தோட்டத்துக்குச் சொந்தம். நாங்கள் வாய்ச்சொல்லாகக் கேட்டு வாங்கிய அனுமதி, உத்தியோகத்தர் மாறியதும் செல்லாமல் போய்விட்டது. கூரையை வெட்டியதற்கு ஏச்சு வாங்கியவர்கள் அந்தக் குடும்பங்கள். எங்களை யாரும் ஏசவில்லை. நாங்கள் கொழும்பில் இருந்தோம்.

நான்காவது காரணத்தை ஒரு பாட்டி சொன்னார். அவர் சொன்னது எங்களுக்குப் பாடமாகவே அமைந்தது. "மழக்காலத்துல வெறகு காயிறது அடுப்புக்கு மேல இருக்கிற பரண்லதான் தாயி. ஒங்க அடுப்புல சூடெல்லாம் கொழாயில போயிருது. வெறகு ஈரமாவே இருக்கு. அதனால இன்னும் பொகையுது." புகையைக் குறைக்கக் கட்டிய அடுப்பு, விறகை ஈரமாக்கிப் புகையைக் கூட்டியிருக்கிறது. எங்கள் பொறியியலாளர் தோழி அந்தப் பாட்டியின் முன்னால் கைகூப்பியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இந்தத் தவறு எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்திய அரசு 1983 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. அவற்றில் பெரும்பகுதி பழுதுபார்க்க ஆளில்லாமல் கைவிடப்பட்டது. ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்விலும், முதல் ஆண்டில் குறைந்த புகை பின்னர் பழைய நிலைக்கே திரும்பியது. அடுப்பு உடைந்தால் திருத்த ஆளில்லை, குழாயில் கரி அடைத்தால் துப்பரவு செய்ய ஆளில்லை.

அந்த முறை நாங்கள் ஓர் அடுப்பும் கட்டவில்லை. எட்டுப் பெண்கள் மண்டபத்துக்கு வந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்லத் தோழி வரைந்தார். அடுப்பை மாற்ற வேண்டாம் என்பது அவர்கள் முடிவு. சந்தையில் வாங்கும் அனகியை இடுப்பளவு மேடையில் வைக்கலாம். அதற்கு மேல் மூன்று பக்கமும் அடைத்த தகரக் கூண்டு. கூண்டின் தலையிலிருந்து குழாய். ரொட்டிக்கல்லும் வைக்கலாம், பானையும் வைக்கலாம், நீளக் கட்டையும் செருகலாம். கூண்டின் பக்கவாட்டில் கம்பி அடித்து விறகு காயப் பரண். குழாய் கூரையைத் துளைக்காமல், இறவாணத்துக்குக் கீழே வளைந்து வெளியே போகும். கென்யாவில் மசாய்க் குடும்பங்களுக்கும் நேபாள மலைக் கிராமங்களுக்கும் இதுபோன்ற கூண்டுகள் செய்திருக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். இந்தப் பெண்கள் படிக்காமலே அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

இந்த முறை அனுமதியை எழுத்தில் வாங்கினோம். பெல்மதுளை நகரத்துத் தகர வேலை பாஸ் ஒருவரிடம் கூண்டு அடிக்கக் கொடுத்தோம். ஒவ்வொரு குடும்பமும் தங்களால் முடிந்த ஒரு தொகை போட்டது. லயத்து இளம்பெண் ஒருத்தி பாஸிடம் ஒரு மாதம் கூடவே நின்று, பொருத்தவும் கழற்றவும் கரி தட்டவும் பழகிக்கொண்டாள். இப்போது திருத்த வேலைக்கு அவளையே கூப்பிடுகிறார்கள், கூலியும் கொடுக்கிறார்கள். 2024 இல் மூன்றாம் முறை போனபோது பதினான்கு கூண்டுகளில் பன்னிரண்டு பாவனையில் இருந்தன. எங்களைக் கேட்காமலே பக்கத்து லயத்திலும் இரண்டு முளைத்திருந்தன.

வைத்தியர்கள் என்ற முறையில் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அடுப்பு மாற்றினால் நோய் போய்விடும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். குவாத்தமாலாவின் சான் மார்கோஸ் மலைப்பகுதியில் 534 மாயாக் குடும்பங்களை வைத்து 2002 முதல் 2004 வரை ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குப் புகைபோக்கி அடுப்பு. அந்த வீடுகளின் குழந்தைகளுக்குப் போன காபனோரொட்சைட்டு பாதியாகக் குறைந்தது. கடுமையான நியூமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் நியூமோனியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மலாவியில் 10,000 க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்து 2016 இல் வெளியான ஆய்வில் வித்தியாசமே தெரியவில்லை. பாதிப் புகையும் புகைதான். லயத்தில் ஒரு வீட்டில் மட்டும் கூண்டு வைத்தால், பக்கத்துக் காம்பராப் புகை கூரை இடுக்கு வழியாக வந்துவிடும்.

ஆகவே உண்மையான மருந்து வேறு. பிரிந்த சமையலறையுள்ள சொந்த வீடு, விறகு நனையாத கொட்டில், எரிவாயு வாங்கக் கட்டுப்படியாகும் சம்பளம். அவை வரும்வரை பெண்கள் சமைக்காமல் இருக்க முடியாது. அந்த இடைக்காலத்துக்குத்தான் கூண்டு.

கூண்டு வந்த பிறகு அந்தப் பாட்டி அடுப்பங்கரையில் மீண்டும் உட்காருகிறார். இருமல் போகவில்லை. ஊதிப் பார்க்கும் கருவியில் சோதித்தபோது அவருக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் இருப்பது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று தெரிந்தது. மூவரும் இப்போது கிளினிக்குக்குப் போகிறார்கள், மருந்து எடுக்கிறார்கள். எங்கள் தோழியின் தாயாருக்கு அது கிடைக்கவில்லை.

நூற்றாண்டு காணும் சங்கத்திடம் எங்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. இந்த மண்டபத்தில் வைத்தியர்களும் தாதியரும் மருத்துவ மாதுக்களும் பலர் இருக்கிறீர்கள். இருமலோடு வரும் பெண்ணிடம், சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்கும் அதே மூச்சில், எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள், எங்கே வைத்துச் சமைக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பதிலைக் கொப்பியில் எழுதுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இரண்டாவது, நூற்றாண்டு நிதியில் எத்தனை அடுப்பு கட்டலாம் என்று எங்களிடம் கேட்காதீர்கள். எத்தனை முறை திரும்பிப் போகலாம் என்று கேளுங்கள். கட்டும் செலவை விடத் திரும்பிப் போகும் செலவுக்குத்தான் நன்கொடை தேட வேண்டியிருக்கிறது.

மூன்றாம் பயணத்தின் கடைசி மாலை, தோழி தன் தாயார் வாழ்ந்த காம்பராவுக்கு எங்களை அழைத்துப் போனாள். இப்போது அங்கே வேறு குடும்பம். கூண்டுக்குக் கீழே ரொட்டி வெந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். தோழி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டோம்.

"இன்னும் கொஞ்சம் இருக்குடி," என்றாள்.

ஆகவே வருகிற டிசம்பரில் மறுபடியும் போகிறோம். வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள்.